வெள்ளைக் குழாயைக் கொடுத்தது நான்தான்

அன்பு மாப்பிள்ளை ஏகாம்பரத்துக்கு,

தை பிறந்தால் நீ போய் ஒரு வருஷம். இத்தனை நாள் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். வரிசை எண் போடாமல் எனக்கு எதுவும் எழுத வராது என்பது உனக்குத் தெரியும். "கல்யாணப் பத்திரிகைக்குக் கூட நம்பர் போடுவாரு எங்க மச்சான்" என்று பண்ணையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தவன் நீ. ஆகவே முதலில், சொல்லப் போவதன் பட்டியல்:

1. அந்த வெள்ளைக் குழாய் உன் கைக்கு எப்படி வந்தது.
2. அதிலிருந்த பூசணம் நெல் இலைக்குள் ஏன் இறங்கவில்லை. இதற்கு இப்போது விடை கிடைத்திருக்கிறது.
3. உன் வேலையைப் பறித்த குறிப்பை எழுதியது யார். இது உனக்குக் கடைசிவரை தெரியாது.
4. இனி நான் செய்யப் போவது.

இந்தக் கடிதத்தை ஒரு பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். அதில் படிக்கிறவர்களுக்கு நாம் யார் என்று தெரியாது. உத்திரமேரூருக்கு வெளியே ஒரு சிறிய நெல் ஆய்வுப் பண்ணையில் நான் உதவி ஆராய்ச்சியாளனாக இருந்தேன். நீ அதே ஆய்வகத்தில் குழாய் கழுவி, நாற்றுத் தட்டுகளுக்குத் தண்ணீர் ஊற்றி, நான் கொடுத்ததைத் தெளிக்கிற தற்காலிக ஊழியன். என் தங்கை பாக்கியத்தைக் கட்டியவன். தங்கை கணவரை 'நீங்கள்' என்று மரியாதையாகக் கூப்பிடுவதுதான் நம் பக்கத்து வழக்கம். ஆனால் கல்யாணத்துக்கு முன்பே நாம் சிநேகிதர்கள். 'நீ' என்றே பழகிவிட்டது. அதை இப்போது மாற்ற முடியவில்லை.

முதல் விஷயம்.

எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த மார்கழி அது. குலை நோயை எந்த நெல் ரகம் தாங்கும் என்று பார்க்க வேண்டியிருந்தது. நாற்பது தட்டுகளில் நாற்று வளர்த்திருந்தாய். ஒரு ஓரத்தில், நோய் கண்டால் உடனே விழுந்துவிடும் நாட்டு ரகம் ஒன்றும் இருந்தது. அதுதான் நமக்கு அளவுகோல். அது விழவில்லையென்றால் மொத்தச் சோதனையும் வீண்.

நோயைக் கொண்டு வருகிற பூசணத்தைக் குழாயில் வளர்ப்பது என் வேலை. பழைய குழாயிலிருந்து புதிய குழாய்க்கு மாதம் ஒருமுறை மாற்றி மாற்றி வைப்பேன். சாம்பல் கலந்த கருப்பாக, அடுப்புக்கரி பூசியது போல வளரும். அந்த முறை ஒரு வரிசைக் குழாய்கள் வெளுத்து வந்தன. எந்த மாற்றத்தில் வெளுக்க ஆரம்பித்தது என்று நான் கவனித்திருக்க வேண்டும். கவனித்தேன். ஆனால் குறித்து வைக்கவில்லை. வெளுத்த குழாய் என்றால் வேறு ஏதோ கலந்துவிட்டது என்று கொதிக்க வைத்துக் கொட்டிவிடுவதுதான் நம் பழக்கம். கொட்டியிருந்தால் புதிதாக வளர்க்க மூன்று வாரம் ஆகும். அறிக்கைக்கு அவ்வளவு நாள் இல்லை.

நீ குழாயைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாய்.

"இன்னா மச்சான், இது நரச்சிப் போயி கீது?"

"வயசாயிருக்கும். ஒண்ணும் ஆவாது. கரைச்சி அடி."

அந்த மூன்று வாக்கியங்களை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீ கரைத்தாய். நாற்பது தட்டுக்கும் அடித்தாய். ஈரச் சாக்குப் போட்டு மூடினாய். எதையும் விடவில்லை. பக்கத்திலேயே நின்றவன் நான்.

எட்டாம் நாள் பண்ணை அதிகாரி வந்து சாக்கை விலக்கினார். நாற்பது தட்டும் பச்சைப் பசேல் என்று இருந்தது. அந்த நாட்டு ரகம் கூட மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை போலச் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

"பச்சைத் தண்ணிய அடிச்சிட்டு வேலை முடிஞ்சதுன்னு சொன்னியா?" என்று உன்னைக் கேட்டார்.

"இல்ல சார். பூசணம்தான் அடிச்சேன். அது நரச்ச பூசணம் சார். அது எறங்காது."

"எறங்காதுன்னு உனக்கு யாருய்யா சொன்னது? பூசணமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துக்கொண்டிருந்தேன். அது அழுக்காக இல்லை.

நீ அதோடு விடவில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மறுநாள் மிச்சமிருந்த வெள்ளைக் குழாயைக் கரைத்தாய். அரைஞாண் கயிற்றில் கிடந்த ஊக்கை எடுத்து, நெருப்பில் காட்டி, ஒரு தட்டு நாற்றின் இலைகளில் குத்தி, குத்திய இடத்தில் ஒரு சொட்டு வைத்தாய். எதற்கு என்று கேட்டேன். "பூட்டின வூட்டுக்குள்ள பூர முடியாதவன், தொறந்து வச்சா பூருவானா இல்லியான்னு பாப்போம்" என்றாய்.

நானும் என் பங்குக்கு இரண்டு தட்டு வைத்தேன். ஒன்றில் ஊக்கால் குத்தி வெறும் தண்ணீர். இன்னொன்றில் குத்தாமல், பழைய கருப்புக் குழாய் ஒன்றிலிருந்து எடுத்தது. ஏழாம் நாள் பார்த்தோம். வெறும் தண்ணீர் வைத்ததில் ஒன்றும் இல்லை. கருப்பு, குத்தாமலே இறங்கியிருந்தது. வெள்ளை, நீ குத்திய இடத்தில் மட்டும், நடுவில் சாம்பலும் ஓரத்தில் பழுப்புமாகக் கண் போலப் புள்ளி விழுந்திருந்தது. பூசணம் சாகவில்லை. அதற்கு உள்ளே போகத்தான் தெரியவில்லை.

"பாத்தியா மச்சான்? நம்மள மாரி கருப்பா கீறதுதான் வேல செய்யுது. வெள்ளையா கீறது சொகுசா குந்திக்கினு கீது. நாம கதவத் தொறந்து வுட்டாதான் அது உள்ள பூருது" என்றாய். அதிகாரி நல்ல சிவப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது. யாராவது கேட்டுவிடப் போகிறார்களே என்று பயமும் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

மூன்று தட்டின் முடிவையும் என் குறிப்பேட்டில் எழுதினேன். எழுதி, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

இரண்டாவது விஷயம்.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து பழைய சக ஊழியர் ஒருவர் தபாலில் ஒரு கட்டு அனுப்பியிருந்தார். வெளிநாட்டு ஆய்விதழ்களின் நகல்கள். ஓய்வு பெற்ற பிறகும் நான் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிற நல்ல மனிதர். உண்மையில் நான் படிப்பதில்லை. இதை மட்டும் படித்தேன், குலை நோய் என்று தலைப்பில் இருந்ததால். மூன்று தடவை படித்தேன். பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து நான்காவது தடவை படித்தேன்.

உனக்குச் சொல்வது போலச் சொல்கிறேன். பூசண வித்து இலை மேல் விழுந்து முளைத்ததும், நுனியில் ஒரு உருண்டை போல உப்பி இலையில் ஒட்டிக்கொள்ளும். நாம் அதை லென்ஸில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அந்த உருண்டையின் சுவரில்தான் கருப்பு இருக்கிறது. மெலனின் என்று பெயர். நம் தோலுக்கும் தலைமயிருக்கும் நிறம் கொடுக்கிற இனத்தைச் சேர்ந்ததுதான். அந்தக் கருப்புச் சுவர் இருந்தால்தான் உருண்டைக்குள் அழுத்தம் நிற்குமாம். அழுத்தம் நின்றால்தான் அடியிலிருந்து ஒரு முள் கிளம்பி இலையைத் துளைக்குமாம். கருப்பு இல்லையென்றால் உருண்டை ஒட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஆமாம். குந்திக்கொண்டு இருக்கும்.

அந்தக் கருப்பைச் செய்வதற்குப் பூசணத்துக்குள் மரபணுக்கள் இருக்கின்றன. செங்கல் சூளையில் ஆட்கள் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றுவார்களே, அந்த மாதிரி. வரிசையில் முதல் ஆளே வரவில்லையென்றால் கல்லே கிளம்பாது, பூசணம் வெள்ளை. நடுவில் ஒரு ஆள் இல்லையென்றால் கல் அங்கேயே குவியும். பூசணம் ரோஜா நிறம். இன்னொரு இடத்தில் நின்றால் மங்கிய பழுப்பு. எந்த நிறத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே எந்த மரபணு கெட்டது என்று சொல்லிவிடலாம். இப்படி நிறம் மாறிய பூசணங்களை ஒன்றோடொன்று கலப்புச் செய்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரே ஒரு மரபணு என்று கண்டிருக்கிறார்கள். நிறம் போன பூசணம் எதுவும் முழு இலைக்குள் இறங்கவில்லை. இலையில் காயம் செய்து வைத்தால் இறங்கியது.

காயம் செய்து வைத்தால். நீ ஊக்கால் குத்தியது வேறு என்ன?

அவர்கள் உன் ஊக்கை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மரபணு பற்றி உனக்கும் எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது. எட்டாம் வகுப்புப் படித்த ஒருவன் நெல் இலையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டான், அந்தக் கேள்வி சரியான கேள்வி. அவ்வளவுதான் சொல்ல வருகிறேன். என் குறிப்பேட்டில் அது இருந்தது. பதிமூன்று வருஷம் பூட்டிக் கிடந்தது.

மூன்றாவது விஷயம்.

ஊக்குச் சோதனை முடிந்த மறுநாள் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். "ஏகாம்பரம் உங்க தங்கச்சி வீட்டுக்காரராமே" என்றார். மேலிடத்தில் பட்டியல் கேட்கிறார்கள், வேலை சரியில்லாதவர்களை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறார்கள், எனக்கு ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது இல்லையா என்று விசாரித்தார். குரலை உயர்த்தவே இல்லை. பிறகு, நடந்ததைப் பற்றி ஒரு குறிப்பு எழுதித் தரும்படி கேட்டார். "பேர் கூட வேண்டாம். சும்மா ஒரு விவரம்" என்றார்.

நான் எழுதினேன். பூசணக் கரைசலுக்குப் பதில் தண்ணீர் தெளிக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு, தெளிக்கும்போது மேற்பார்வை இருக்கவில்லை என்று எழுதினேன். மேற்பார்வை செய்தவன் நான். பக்கத்திலேயே நின்றவன் நான். கார்பன் வைத்து இரண்டு பிரதி எழுதச் சொன்னார். ஏன் இரண்டு என்று நான் கேட்கவில்லை. பெயர் போடவில்லை.

சொந்தக்காரனைக் காப்பாற்றுகிறேன் என்று பேச்சு வரும், அதனால்தான் எழுதினேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பூசணம்தான் காரணம் என்றால், அந்தப் பூசணத்தைக் கொடுத்தவன் நான். தண்ணீர்தான் காரணம் என்றால் நீ. இரண்டில் ஒன்றை நான் தேர்ந்தெடுத்தேன்.

நிரந்தரமாக்கும் வரிசையில் உன் பெயர் அடுத்ததாக இருந்தது. ஒன்பது வருஷ வேலை ஒரு டைப் அடித்த காகிதத்தில் போயிற்று. நீ வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லுக்குப் போனாய். தவிட்டுத் தூசியில் பன்னிரண்டு வருஷம். உன் நெஞ்சு கெட்டது அதனால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். எனக்கும் தெரியாது. ஆனால் ஊர் வைத்த பெயர் தெரியும். பச்சத்தண்ணி ஏகாம்பரம். சாலவாக்கம் போகிற பஸ்ஸில் கண்டக்டருக்குக் கூட அந்தப் பெயர்தான் தெரியும். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று கூட, தெருமுனையில் ஒருவர் இன்னொருவரிடம், "பச்சத்தண்ணி வூட்டு சாவு" என்று வழி சொன்னதை நான் கேட்டேன்.

இதுவரை திங்கட்கிழமை எழுதினேன். அச்சுக்கு அனுப்பும் முன் பாக்கியத்திடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நேற்று பஸ் ஏறிப் போனேன். வழியில் நம் பண்ணையைப் பார்த்தேன். நாற்று வைத்த கம்பிவலை அறை இல்லை. அந்தத் தகரத் தட்டுகளில் யாரோ கீரை போட்டிருக்கிறார்கள். நன்றாக வந்திருக்கிறது.

பாக்கியம் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாண்ணா. இன்னா, லெட்டர் போடாம வந்துகீற?"

நான் உட்கார்ந்து மெலனினில் ஆரம்பித்தேன். செங்கல் சூளை உதாரணத்தையும் சொன்னேன். அவள் கடலை உடைப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அவரு சொன்னதத்தான் வெள்ளக்காரனும் சொல்றானா?"

"ஆமாம்."

"அவருக்குத் தெரிஞ்சத அவரு வாயத் தொறந்து சொன்னாரு. உனக்குத் தெரிஞ்சத நீ இன்னா பண்ண?"

முறத்திலிருந்து ஒரு கடலையை எடுத்து நானும் உடைத்தேன். பிறகு சொன்னேன்.

"பாக்கியம், அந்தக் குறிப்ப எழுதினது நான்தான்."

"தெரியும்."

"யாரு சொன்னது?"

"அவருதான். ஆர்டர் வந்த அன்னிக்கே."

அவள் எழுந்து உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். உன் வேலை நீக்க உத்தரவைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். மேலே டைப் அடித்த காகிதம். அதன் பின்னால் குண்டூசி குத்தி, நீலக் கார்பனில் என் கையால் எழுதிய அந்தக் குறிப்பு. இரண்டாவது பிரதி எதற்கு என்று பதிமூன்று வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

"பேர் இல்லையே இதுல" என்றேன். அந்த நிமிஷத்திலும் அப்படித்தான் கேட்கத் தோன்றியது எனக்கு.

"ஒம்போது வருசமா குழாய் மேல நீ எழுதி ஒட்டினதையெல்லாம் அவருதான தேச்சிக் கழுவினாரு? உன் எழுத்து அவருக்குத் தெரியாதா?"

"அப்போ ஏன் என்கிட்ட வந்து கேக்கல?"

"நானும் கேட்டேன். போயி சட்டையப் புடிச்சி கேளுய்யான்னேன். பேரப் போட்டு எழுதியிருந்தா கேட்டிருப்பேன், பேரே இல்லாதவங்கிட்ட இன்னாத்தக் கேக்கறதுன்னாரு." அவள் முறத்தை எடுத்துப் புடைத்தாள். தோல் காற்றில் பறந்து என் வேட்டியில் விழுந்தது. "அதுக்கப்புறம் ஒரு வாட்டியாவது உன்ன மச்சான்னு கூப்ட்டாரா? யோசிச்சிப் பாரு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன்.

நீ ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்தாய். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, "நல்லா கீறீங்களா சார்?" என்று கேட்டாய். சார் என்றுதான் கேட்டாய். மில் வேலைக்குப் போனதால் வந்த பழக்கம் என்று நினைத்தேன். மரியாதை கூடியிருக்கிறது என்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம் கூடப் பட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால், "இப்பதான் குடிச்சேன் சார்" என்பாய். வாலாஜாபாத்திலிருந்து வெயிலில் வந்தவன். பன்னிரண்டு பொங்கலிலும் இப்பதான் குடித்தாயா? நான் அதை ஒரு தடவையாவது யோசித்தேனா? ஒரு தட்டில் எத்தனை இலை, ஒரு இலையில் எத்தனை புள்ளி என்று எண்ணி எழுதியவன், கண்முன்னால் தொடாமல் நின்ற தண்ணீர்ச் சொம்பைப் பார்க்கவில்லை.

நான்காவது விஷயம். இது வாக்கு.

தையில் உன் முதல் வருஷத் தெவசம். பண்ணையில் அன்று சிரித்தவர்களில் உயிரோடு இருக்கிறவர்களை நானே போய் அழைக்கிறேன். ஊரும் வரும். எல்லார் முன்னாலும் எழுந்து நின்று இந்தக் கடிதத்தைப் படிப்பேன். நாற்பது தட்டுக்கும் நீ அடித்தது பூசணம், தண்ணீர் இல்லை, அந்தப் பூசணத்தைக் கொடுத்தது நான் என்று சொல்வேன். என் குறிப்பேட்டையும் கொண்டுவருவேன். கூட்டத்தில் எழுந்து பேசி எனக்குப் பழக்கம் இல்லை. பாக்கியத்திடம் இதைச் சொன்னபோது அவள், "படி. சாப்பாட்டுக்கு முன்னாடியே படி. சாப்ட்டா எயுந்து பூடுவாங்க. பேரு சொல்லிப் படி" என்றாள். என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் கிளம்பும்போது தண்ணீர் வேண்டுமா என்று அவளும் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. ஆய்வுக் குறிப்பேட்டில் தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது, ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும் என்று விதி வைத்திருந்தேன். அச்சில் கோடு போட முடியாது. அதனால் மேலே உள்ள பட்டியலை அப்படியே விட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன். மூன்றாவது விஷயம் தவறு. உனக்குக் கடைசிவரை தெரியாது என்று எழுதியிருந்தேன். உனக்கு முதல் நாளே தெரியும். கடைசிவரை தெரியாமல் இருந்தவன் நான்தான்.

நீ கூப்பிடாமல் விட்ட பெயரிலேயே, இந்த முறை என் பெயரையும் போட்டு,

உன் மச்சான்
சிவப்பிரகாசம்